ஷஃபிள் வாசிக்க ஆள் வேண்டும்: ப்ளூஸ் பற்றி வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ப்ளூஸ் இசைக்கு ஓர் அறிமுகம் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஊர்த் திருவிழாக்களையும் பிள்ளைகளுக்கான வகுப்புகளையும் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

மிசிசிப்பி டெல்டா என்பது நம் காவிரி டெல்டா மாதிரி கடலோரமா? பாட்டெல்லாம் போனிலேயே கிடைக்கிற காலத்தில் திருவிழா நடத்தித்தான் ப்ளூஸைக் காப்பாற்ற வேண்டுமா? (தஞ்சாவூர்)

கடலோரம் இல்லை. அமெரிக்காவில் மிசிசிப்பி, யாஸூ என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே, மெம்பிஸ் நகருக்குத் தெற்கிலிருந்து விக்ஸ்பர்க் வரை நீளும் வண்டல் சமவெளிக்குத்தான் அங்கே டெல்டா என்று பெயர். பருத்திக் காடு. அந்தப் பருத்தியைக் குத்தகைக்குப் பயிரிட்டும், கூலிக்குப் பறித்தும், கடனிலேயே காலம் தள்ளிய கறுப்பின மக்களின் சனிக்கிழமை இரவுப் பாட்டுதான் ப்ளூஸ்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். இசைத்தட்டில் பாட்டு கிடைக்கும், பழக்கம் கிடைக்காது. பாடகர் ஒரு வரியை இழுத்தால் டிரம்ஸ்காரர் எப்படிக் காத்திருக்கிறார், பேஸ் வாசிப்பவர் யாருடைய காலைப் பார்த்துத் தாளம் பிடிக்கிறார் என்பதெல்லாம் பக்கத்தில் நின்றால்தான் ஒட்டும். முன்பு அந்த இடத்தைத் தந்தவை ஜூக் ஜாயிண்ட் எனப்படும் சின்னச் சாராயக் கடைகளும், வீட்டு விருந்துகளும், தோப்பு விருந்துகளும்தான். 1943-ல் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ், டெல்டாவின் கிளார்க்ஸ்டேல் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தை விட்டு ஷிகாகோவுக்கு ரயிலேறினார். அடுத்த ஆண்டே, அதே ஊருக்கு அருகிலுள்ள ஹாப்சன் தோட்டத்தில் விதைப்பிலிருந்து பறிப்புவரை முழுக்க இயந்திரத்தாலேயே ஒரு பருத்தி மகசூல் எடுத்தார்கள். பறிக்க ஆள் வேண்டாம் என்றானதும் சனிக்கிழமைக் கூட்டமும் கரைந்தது. அறுபதுகளில் இளையவர்கள் சோல் இசைக்குப் போனார்கள். தேவாலயத்தில் ப்ளூஸ் ‘பிசாசின் பாட்டு’ என்பது வேறு.

மிச்சமிருந்த கடைகளும் ஒவ்வொன்றாகப் போகின்றன. மெரிகோல்டில் ‘போ மங்கீஸ்’ என்ற கடை, அதை நடத்திய வில்லி சீபெரி 2016-ல் இறந்ததோடு மூடப்பட்டது. பாட்டனும் பேரனும் ஒரே மேடைப் பக்கம் நிற்க இன்று இருக்கிற இடம் திருவிழா ஒன்றுதான். அதனால்தான் அதற்கு இத்தனை முக்கியத்துவம்.

எந்தெந்தத் திருவிழாக்கள் உள்ளூர் மக்களால் நடத்தப்படுபவை? எப்போது போகலாம்? (சிங்கப்பூர்)

ஏப்ரலில் கிளார்க்ஸ்டேலில் ஜூக் ஜாயிண்ட் திருவிழா, 2004-ல் தொடங்கியது. பகலில் தெருவோர மேடைகள் இலவசம், இரவில் கடைகளுக்குள் போகக் கைப்பட்டை வாங்க வேண்டும். நடுவே பன்றி ஓட்டப் பந்தயமும் உண்டு, ஏமாந்துவிடாதீர்கள்.

ஆகஸ்டில் அதே ஊரில் சன்ஃபிளவர் ரிவர் ப்ளூஸ் – கோஸ்பல் திருவிழா. 1988 முதல் தொண்டர்களே நடத்துவது, அனுமதி இலவசம். கோஸ்பலை, அதாவது தேவாலயப் பாட்டை, சேர்த்தது சாமர்த்தியமான முடிவு. கோயில் கூட்டமும் கடைக் கூட்டமும் ஒரே விழாவுக்கு வரவேண்டியிருக்கிறது.

கிரீன்வில் விழா இவற்றுக்கெல்லாம் மூத்தது. 1978-ல் ‘மேஸ்’ என்ற சமூக அமைப்பு தொடங்கியது. சிவில் உரிமைப் போராட்டத்திலிருந்து பிறந்த அமைப்பு அது. வயல்வெளியில் டிரெய்லர் வண்டியையே மேடையாக்கி ஆரம்பித்தார்கள். அக்டோபரில் ஆற்றுக்கு அக்கரையில், ஆர்கன்சா மாநிலத்து ஹெலினாவில் கிங் பிஸ்கட் திருவிழா, 1986 முதல். வெள்ளத் தடுப்புக் கரையின் சரிவே அங்கே பார்வையாளர் படிக்கட்டு. பெயர் ஒரு மாவுக் கம்பெனி விளம்பரத்திலிருந்து வந்தது. 1941-ல் அந்த ஊர் கே.எஃப்.எஃப்.ஏ. வானொலி மதிய உணவு நேரத்தில் ‘கிங் பிஸ்கட் டைம்’ நிகழ்ச்சியைத் தொடங்கியது. சன்னி பாய் வில்லியம்சனும் ராபர்ட் லாக்வுட் ஜூனியரும் வாசித்து, அன்று இரவு எங்கே கச்சேரி என்றும் அதிலேயே சொல்லிக்கொள்வார்கள்.

ஷிகாகோ ப்ளூஸ் திருவிழா 1984 முதல் நகராட்சி ஆதரவில் நடக்கும் பெரிய இலவச விழா. அது வேறு அளவு. கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் சின்ன ஊர்களுக்கே போகட்டும்.

எங்கள் சங்கம் டொராண்டோவில் மற்ற சமூகத்தாரோடு சேர்ந்து ஒரு நாள் ப்ளூஸ் நிகழ்ச்சிக்கு உதவுகிறது. பிள்ளைகள் குழுவுக்கும் மேடை தர விரும்புகிறோம். எதில் கவனம் வேண்டும்? (டொராண்டோ)

முதலில் நேரம். பிள்ளைகளைக் காலை பதினொரு மணிக்கு, நாற்காலிகூட விரிக்காத மைதானத்தில் ஏற்றிவிட்டு ‘இளைஞருக்கு வாய்ப்பளித்தோம்’ என்று அறிக்கை எழுதுவது வழக்கமாகிவிட்டது. அதைச் செய்யாதீர்கள். அன்றைய மூத்த கலைஞர் ஏறுவதற்கு முந்தைய இடம்தான் பிள்ளைகளுக்குரியது. கூட்டம் வந்திருக்கும், மூத்தவரும் மேடைப் பக்கம் உட்கார்ந்திருப்பார். 15 நிமிடம், மூன்று பாட்டு போதும். மூன்றாவது பாட்டில் மூத்தவரை மேடைக்கு அழைத்து ஒரு சுற்று வாசிக்கச் சொல்லுங்கள். எந்தப் பாட்டு, எந்தச் சுருதி என்பதை முன்தினமே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, பொதுக் கருவிகள். ஒவ்வொரு குழுவும் தன் டிரம்ஸையும் ஆம்பையும் (ஆம்ப்ளிஃபயர்) தூக்கிவந்தால் மாற்றத்துக்கு அரை மணி நேரம் போகும். மேடையிலேயே ஒரு டிரம் செட், ஒரு பேஸ் ஆம்ப், இரண்டு கிட்டார் ஆம்ப், ஒரு கீபோர்டு, நான்கு பாட்டு மைக் என்று வைத்துவிட்டால் 10 முதல் 15 நிமிடத்தில் அடுத்த குழு ஏறிவிடும். டிரம்ஸ்காரர் தன் ஸ்நேர் எனும் சின்ன டிரம்மையும் மிதியையும் மட்டும் கொண்டுவரட்டும். இடதுகை வாசிப்பாளர் யாராவது உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். டிரம் செட்டை மேடையில் திருப்பிப் போடுவதில்தான் பத்து நிமிடம் பறக்கும்.

மூன்றாவது, மின்சாரம். பாதித் தொல்லை இங்கிருந்துதான் வருகிறது. வட அமெரிக்காவில் 120 வோல்ட், 20 ஆம்பியர் சர்க்யூட் ஒன்று 2,400 வாட் தாங்கும். தொடர்ந்து ஓடுவதற்கு 1,920 வாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. உணவுக் கடைக்காரர் 1,500 வாட் சூடேற்றியை மேடை சர்க்யூட்டில் செருகினால், ஆம்புகள் உச்சத்துக்குப் போகும் அந்த நொடியில் பிரேக்கர் விழும். விழாவிட்டாலும் குளிர்பெட்டி மோட்டார் ஓடி நிற்கும் ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று கேட்கும். மேடைக்குத் தனி சர்க்யூட், கடைகளுக்குத் தனி சர்க்யூட். ஜெனரேட்டர் என்றால் தனித்தனி ஜெனரேட்டர். ஆம்பில் இரைச்சல் வருகிறதென்று பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிடும் புத்திசாலிகள் எங்கும் உண்டு. மைக்கில் உதடு பட்டதும் ஷாக் அடிப்பது அதனால்தான், அதுவும் மழை நாளில் உயிருக்கே ஆபத்து. மேடைக் கருவிகள் எல்லாவற்றையும் ஒரே மூலத்திலிருந்து, எர்த் சரியாக உள்ள இணைப்பிலிருந்து எடுத்தாலே பெரும்பாலும் இரைச்சல் போய்விடும்.

மேடை வடக்கு பார்த்திருந்தால் பிற்பகல் வெயில் வாசிப்பவர் முகத்தில் அடிக்காது. நேர் வெயில் பட்டால் கம்பி விரிந்து சுருதி இறங்கும். ட்யூனர் திரையும் கண்ணுக்குத் தெரியாது. ஆகஸ்ட் மாத டெல்டாவில் பாதிக் குழுக்கள் சுருதி சேராமல் ஒலிப்பதற்கு வாசிப்பவரைக் குறை சொல்வது நியாயமில்லை. இடி கேட்டால் நிகழ்ச்சியை நிறுத்துங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியாமல் யாரையும் மேடையேற்றாதீர்கள்.

இன்னொன்று: பழைய பாட்டுதானே என்று உரிமத்தை விட்டுவிடாதீர்கள். பல ப்ளூஸ் பாட்டுகள் இன்னும் காப்புரிமையில் உள்ளன. அமெரிக்காவில் ஆஸ்காப், பி.எம்.ஐ. போன்ற அமைப்புகளிடமும் கனடாவில் சோகன் அமைப்பிடமும் பொது நிகழ்ச்சிக்கான உரிமம் வாங்க வேண்டும். அந்தக் கட்டணம்தான் பாட்டெழுதியவரின் வாரிசுக்குப் போய்ச் சேர வழி.

பிள்ளைகளுக்கு முதல் மூன்று மாதம் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்? என் பையன் நேரே கிட்டார் சோலோ கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான். (கோவை)

எல்லாப் பையன்களும் அதைத்தான் ஆசைப்படுகிறார்கள். ப்ளூஸ் உலகில் சோலோ வாசிக்க ஆள் பஞ்சம் என்றுமே இருந்ததில்லை. ஷஃபிள் தாளத்தை நான்கு நிமிடம் அவசரப்படாமல் பிடித்து நிற்கும் டிரம்ஸ்காரரும், அவரோடு ஒட்டிப்போகும் பேஸ்காரரும்தான் கிடைப்பதில்லை. வகுப்பு அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதே எங்கள் கட்சி.

நம்மவர்களுக்கு ஷஃபிளைச் சொல்வது சுலபம். திஸ்ர நடையில் ‘தகிட தகிட’ என்று சொல்லுங்கள். நடுவில் உள்ள ‘கி’யை வாயால் சொல்லாமல் மனதுக்குள் விட்டுவிடுங்கள்: த–ட, த–ட. அதுதான் ஷஃபிள். பிள்ளைகள் செய்யும் முதல் தவறு, வேகம் கூடக்கூட அந்த ‘கி’க்கான இடத்தைத் தின்றுவிடுவது, இரண்டும் சம இடைவெளியாகி ராக் தாளமாகிவிடும். மருந்து, வேகத்தைக் குறைப்பதுதான். நிமிடத்துக்கு 70 அடியில் மூன்றையும் கைதட்டிச் சொல்லவைத்து, பிறகு நடுவை மட்டும் மௌனமாக்கி, வாரத்துக்கு ஐந்தைந்தாக ஏற்றுங்கள். 110 வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது 12 பார் சுற்று. ஒரு பாருக்கு 4 அடி, மொத்தம் 48. ஏ சுருதியில் என்றால் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) இப்படி: முதல் நான்கு பார் ஏ7, ஐந்தும் ஆறும் டி7, ஏழும் எட்டும் ஏ7, ஒன்பது ஈ7, பத்து டி7, பதினொன்று ஏ7, பன்னிரண்டு ஈ7. கடைசி ஈ7 சுற்றைத் திரும்பத் தொடக்கத்துக்குத் தள்ளும். பிள்ளைகள் தொலைந்துபோவது எப்போதும் ஒன்பதாவது பாரில்தான். ஆசிரியர் விரலால் எண்ணிக் காட்டுவதைவிட, எல்லாரும் தரையில் நடந்துகொண்டே எண்ணி, கார்டு மாறும்போது திசை திரும்புவது நன்றாக வேலை செய்யும். உடம்பு மறக்காது.

கிட்டார் நூல்களில் பாதிக்கு மேல் ஈ சுருதியில் இருக்க, ஏ எதற்கு? எட்டு ஒன்பது வயதுப் பிள்ளையின் சுண்டுவிரல் நான்காவது ஃப்ரெட்டுக்கு (கிட்டார் கழுத்தின் குறுக்குக் கட்டு) எட்டாது. ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மாட்டினால் ஃப்ரெட் இடைவெளி சுருங்கி, ஈ பிடியே ஏ சுருதியாக ஒலிக்கும். இதைக் குழு முழுவதற்கும் சொல்ல மறந்தால் கேப்போ மாட்டிய பிள்ளை ஏ-யிலும் மற்றவர்கள் ஈ-யிலும் வாசிப்பார்கள். கேட்கச் சகிக்காது, யார்மீது தப்பு என்றும் தெரியாது.

ஆறு பேர் ஒரு குழு: டிரம்ஸ், பேஸ், இரண்டு கிட்டார், கீபோர்டு, பாட்டு. நான்கு வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். உங்கள் பையன் நான்கு வாரம் பேஸ் வாசித்துவிட்டு கிட்டாருக்குத் திரும்பட்டும். அவனே வித்தியாசத்தைச் சொல்வான். டிரம் செட்டில் மிதி டிரம், ஸ்நேர், ஹை-ஹாட் (மிதித்து மூடும் ஜோடித் தட்டு) மூன்றையும் வைத்துக்கொண்டு பெரிய சிம்பலையும் டாம்களையும் கழற்றி அலமாரியில் பூட்டிவிடுங்கள். இருந்தால் அடிக்கத்தான் அடிப்பார்கள். ஸ்நேர் இரண்டாம், நான்காம் அடிக்கு மட்டும்.

பாடகர் நான்கு பாரில் ஏறக்குறைய முதல் இரண்டில் பாடுவார். மீதி இரண்டு, கருவி பதில் சொல்லும் இடம். பாடும்போது எல்லாரும் பாதிச் சத்தத்துக்கு இறங்க வேண்டும். இது வராத குழு எவ்வளவு வேகமாக வாசித்தாலும் ப்ளூஸ் ஆகாது.

முடிவைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். மேடையில் பிள்ளைகள் கலங்குவது, பாட்டை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல்தான். குழுத் தலைவர் கிட்டாரின் கழுத்தைத் தூக்கினால் ‘இதுதான் கடைசிச் சுற்று’, கீழே இறக்கினால் ‘நிறுத்து’. எல்லாக் கண்ணும் அவர்மேல் இருக்கட்டும்.

கிட்டார் வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு ஒற்றைக் கம்பிக் கருவி செய்துகொடுப்பார்களாமே? அளவு சொல்ல முடியுமா? (யாழ்ப்பாணம்)

அதன் பெயர் டிட்லி போ. டெல்டாவில் துடைப்பத்தைக் கட்டியிருக்கும் கம்பியைப் பிரித்து, வீட்டுச் சுவரில் இரண்டு ஆணிக்கு நடுவே இழுத்துக்கட்டி, அடியில் பாட்டிலைச் செருகி வாசித்தார்கள். பெரிய கலைஞர்கள் பலருக்கு அதுதான் முதல் கருவி.

வகுப்பில் செய்ய, 90 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனமுள்ள பலகை எடுங்கள். ஒரு முனையில் மரத்திருகாணி, மறுமுனையில் வளையமுள்ள திருகாணி. கம்பிக்கு கிட்டாரின் மூன்றாவது கம்பி போதும் (சாதாரண 10 அளவு செட்டில் அது 17). குண்டுள்ள முனையைத் திருகாணியில் மாட்டி, மறுமுனையை வளையத்தில் முடிந்துவிடுங்கள். வளையத்துக்குள் ஒரு ஆணியைச் செருகித் திருப்பினால் கம்பி இறுகும். ஒரு பக்கம் கனமான போல்ட், மறுபக்கம் சின்னக் கண்ணாடிப் பாட்டில் அல்லது தகர டப்பா, இரண்டும் கம்பிக்குக் குதிரைகள். அவற்றுக்கு நடுவே சரியாக 60 செ.மீ. இருக்கட்டும். பாட்டிலைவிட டப்பா சத்தம் கூடுதல்.

போல்ட் பக்கத்திலிருந்து அளந்து பலகையில் கோடு போடுங்கள்: 10 செ.மீ.-யில் சாதாரண காந்தாரம், 15-ல் சுத்த மத்யமம், 20-ல் பஞ்சமம், 26.3-ல் கைசிகி நிஷாதம், 30-ல் மேல் ஷட்ஜம். 10 செ.மீ. கோட்டை மட்டும் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ப்ளூஸின் காந்தாரம் சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவே எங்கோ அசைந்துகொண்டிருப்பது. 10-லிருந்து 12-ஐ நோக்கி மெல்ல நகர்த்திக் கேட்கச் சொல்லுங்கள்.

கம்பியை விரலால் அழுத்துவதில்லை. மருந்துப் பாட்டில் ஒன்றைக் கம்பிமேல் தொட்டபடி நகர்த்த வேண்டும். அழுத்தினால் பலகையில் இடிக்கும், ‘கட கட’வென்று கேட்கும். பாட்டிலுக்குப் பின்பக்கம் ஒரு விரல் கம்பியை மெல்லத் தொட்டிருந்தால் தேவையற்ற ஒலி அடங்கும். ஆம்பில் இணைக்க 27 மி.மீ. பீசோ தட்டு (அதிர்வை மின்சாரமாக்குவது) ஒன்றை டப்பாவுக்கு அடியில் ஒட்டி, கிட்டார் ஆம்பின் கிட்டார் துளையிலேயே செருகுங்கள். மிக்ஸரின் லைன் துளையில் செருகினால் சத்தம் ஒல்லியாகிவிடும், தட்டுக்கு அந்தத் துளையின் தடை போதாது.

கம்பி முறுக்கும்போது எல்லாருக்கும் கண்ணாடி கட்டாயம். கம்பி அறுந்தால் நேரே முகத்துக்குத்தான் வரும். பாட்டிலைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். கம்பியின் மிச்ச முனையை வெட்டி வளைத்துவிட வேண்டும்.

மவுத் ஆர்கனில் ப்ளூஸ் வாசிக்க எந்தச் சுருதிக் கருவி வாங்க வேண்டும்? (கோலாலம்பூர்)

பத்துத் துளை டயட்டானிக். பாட்டு ஏ என்றால் டி கருவி, ஜி என்றால் சி கருவி, ஈ என்றால் ஏ கருவி. பாட்டின் சுருதியிலிருந்து நான்காவது சுரத்துக் கருவி என்று நினைவில் வையுங்கள். ஊதுவதைவிட இழுத்து வாசிப்பதே இதில் அதிகம்.

இரண்டாம் துளையை இழுத்தால் சத்தமே வரவில்லை, கருவி பழுது என்று பிள்ளைகள் திருப்பிக் கொடுப்பார்கள். பழுது கருவியில் இல்லை. வாயை இறுக்கி வேகமாக இழுப்பதால் கருவிக்குள் அதிரும் உலோக நாக்கு அடங்கிப்போகிறது. கொட்டாவி விடுகிற மாதிரி தொண்டையைத் திறந்து மெல்ல இழுத்தால் வரும். சுரத்தை வளைப்பதற்கு நான்காம் துளை இழுப்பில் தொடங்குங்கள். டி கருவியில் அது ஈ-யிலிருந்து ஈ ஃபிளாட்டுக்கு இறங்கும். ஏ பாட்டுக்கு அது பிரதி மத்யமம், ப்ளூஸின் உயிர்ச் சுரங்களில் ஒன்று. மூன்றாம் துளையில் மூன்று படி வளைவு இருப்பதால் அதைப் பிறகு பார்க்கலாம். அடித்து வாசித்தால் நான்காம், ஐந்தாம் இழுப்பு நாக்குகள் முதலில் சுருதி இறங்கும்.

பள்ளிகளுக்கு பிளாஸ்டிக் உடல் கொண்ட ஹோனர் ஸ்பெஷல் 20 போன்றவை நல்லது. மர உடல் எச்சில் பட்டுப் பருத்து உதட்டைக் கீறும். ஒரு பிள்ளைக்கு ஒரு கருவி, இரவல் கூடாது.

பென்டோனியா பாணி என்று தனியாகச் சொல்கிறார்களே? (மதுரை)

டெல்டாவின் தெற்கு ஓரத்தில் ஒரு சிற்றூர். கம்பிகளை அழுத்தாமல் மீட்டினாலே டி மைனர் கார்டு ஒலிக்கும்படி கிட்டாருக்குச் சுருதி வைத்து வாசிப்பார்கள்: ஆறாம் கம்பியிலிருந்து டி, ஏ, டி, எஃப், ஏ, டி. ஈ மைனருக்கும் வைப்பதுண்டு. அதற்கு ஐந்தாம், நான்காம் கம்பிகளை இரண்டு படி ஏற்ற வேண்டும். பழைய கம்பி அறுந்துவிடும், ஆகவே தொடங்குபவர்கள் இறக்கியே வாசியுங்கள். ஸ்கிப் ஜேம்ஸ், ஜாக் ஓவன்ஸ் வழியாக வந்தது இந்தப் பாணி. ஜிம்மி ‘டக்’ ஹோம்ஸ் தன் பெற்றோர் 1948-ல் தொடங்கிய ‘புளூ ஃபிரண்ட்’ கடையை வைத்துக்கொண்டு, 1972 முதல் அந்த ஊர் விழாவோடும் சேர்த்து இதைத் தாங்கிவருகிறார். ஒரு பாணி ஒரே கடையில் தங்கியிருப்பது பெருமை என்பார்கள், எங்களுக்கு அது பயமாகத்தான் இருக்கிறது.

குடி, துரோகம் என்று பாட்டெல்லாம் பெரியவர்கள் சமாச்சாரமாக இருக்கிறதே, பிள்ளைகளை எப்படிப் பாடவைப்பது? (திருச்சி)

பாடவைக்க வேண்டாம், எழுதவையுங்கள். ஷிகாகோவில் மவுத் ஆர்கன் கலைஞர் பில்லி பிராஞ்ச் 1978 முதல் பள்ளிகளில் ப்ளூஸ் சொல்லிக்கொடுக்கிறார். இப்படி நடக்கும் பள்ளித் திட்டங்களின் அடிப்படை இதுதான்: பிள்ளை தன் துன்பத்தைத் தானே பாட வேண்டும். வடிவம் எளிது. ஒரு வரி, அதே வரி மறுபடி, பிறகு எதுகையோடோ இயைபோடோ ஒரு முடிப்பு. தமிழில் செய்து பார்த்தால்:

ஓடி ஓடி வந்தேன், ஸ்கூல் பஸ்ஸு போயிடுச்சு
ஓடி ஓடி வந்தேன் ஐயோ, ஸ்கூல் பஸ்ஸு போயிடுச்சு
நேத்து மறந்து வச்ச நோட்டும் அந்த பஸ்ஸோட போயிடுச்சு

இரண்டாம் முறை பாடும்போது கார்டு டி7-க்கு மாறுவதால் அதே வரிக்கு வேறு நிறம் வரும். அதை அவர்களே கேட்டுச் சொல்லட்டும். வரி நீளமாகிவிடுவதுதான் வழக்கமான சிக்கல். இரண்டு பாருக்குள் அடங்காவிட்டால் கருவி பதில் சொல்ல இடமில்லாமல் போகும். வெட்டச் சொல்லுங்கள்.

ஆனால் வரலாற்றை வெட்டாதீர்கள். குத்தகைக் கடன், பார்ச்மன் சிறைப் பண்ணை, கறுப்பினத்தவருக்கென்று வைத்த தனி வாசல், தனிக் குழாய் எல்லாம் வயதுக்கேற்றபடி சொல்லப்பட வேண்டும். அதைச் சொல்லாமல் 12 பாரை மட்டும் கற்பித்தால் பிள்ளைகளுக்கு அது ஒரு தாளக் கணக்காக மட்டுமே நிற்கும்.

குழல், பறை மாதிரி ஏதோ வாசிப்பதைப் பார்த்தேன். அதுவும் ப்ளூஸா? (நாகர்கோவில்)

மிசிசிப்பியின் வடக்கு மலைப்பகுதியில் இருக்கும் ஃபைஃப் – டிரம் மரபு. ப்ளூஸுக்கு மூத்த சொந்தம் என்று சொல்லலாம். ஆற்றோர நாணலை வெட்டிக் காயவைத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் கணுக்களைத் துளைத்து, அதே சூட்டில் வாய்த்துளை ஒன்றும் விரல்துளை ஐந்தும் சுடுவார்கள். கூடவே ஒரு பெரிய டிரம், இரண்டு ஸ்நேர். கம்பி ஆறிப்போய் அழுத்தினால் நாணல் பிளக்கும். துளையிடும் வேலை பெரியவர்களுடையதே. பிள்ளைகளுக்கு அளவு குறிப்பதும் தேய்ப்பதும்.

செனடோபியா அருகே ஓதா டர்னர் ஆண்டுதோறும் ஆட்டுக்கறி விருந்து வைத்து இதை வாசித்துவந்தார். 2003-ல் அவர் இறந்தபோது இறுதி ஊர்வலத்தின் முன்னால் குழல் ஊதிப் போனது பள்ளிச் சிறுமியான பேத்தி ஷார்டே தாமஸ். இன்று குழு அவர் கையில். சிறுவயதிலேயே விருந்தில் அவரைக் கூட்டத்துக்கு நடுவே வாசிக்க விட்டிருந்தார்கள். தனியே ஒரு வகுப்பும் தேவைப்படவில்லை.

போட்டிகள் உதவுமா? (சேலம்)

ஓரளவுக்கு. மெம்பிஸில் ப்ளூஸ் ஃபவுண்டேஷன் 1984 முதல் சர்வதேசப் போட்டி நடத்துகிறது. அதிலேயே இளையவர்களுக்கு மட்டும் பரிசில்லாத தனி மேடை வைத்திருக்கிறார்கள். அந்த வேறுபாடு புத்திசாலித்தனமானது. பரிசு என்றதும் பிள்ளைகள் சோலோவைத்தான் நீட்டுவார்கள்.

வகுப்பு நடத்தினால் நிஜமாகவே கலைஞர்கள் உருவாகிறார்களா? பணம் எங்கே போகிறது? (சென்னை)

கிளார்க்ஸ்டேலையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 15,000 பேர் வாழும் ஊர். அங்கே டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகம் 1979-ல் பொது நூலகத்தின் முயற்சியாகத் தொடங்கி, 1999-ல் பழைய ரயில்வே சரக்கு நிலையத்துக்கு இடம்பெயர்ந்தது. பள்ளி முடிந்த மாலைகளில் பிள்ளைகளுக்கு வகுப்பு. ஆரம்பத்தில் ஜானி பில்லிங்டன், கார் மெக்கானிக்காக இருந்தவர், ஒழுக்கத்தில் கண்டிப்பானவர். பிறகு பில் ‘ஹவுலின் மேட்’ பெர்ரி, ரிச்சர்ட் கிறிஸ்மன். மூவருமே வாழ்க்கையில் மேடை பார்த்தவர்கள். இசைக் கல்லூரிப் பட்டம் உள்ளவரைத் தேடி அலைந்திருந்தால் இவர்கள் கிடைத்திருக்க மாட்டார்கள்.

அந்த வகுப்பில் படித்த கிறிஸ்டோன் இங்க்ரம் என்ற பையனுக்கு ‘கிங்ஃபிஷ்’ என்று பெயர் வைத்தவர் பெர்ரி. 2014-ல் அருங்காட்சியகப் பிள்ளைகள் குழுவோடு வெள்ளை மாளிகையில் வாசித்தான். 2022-ல் ‘662’ இசைத்தொகுப்புக்கு கிராமி. 662 என்பது அந்தப் பகுதியின் தொலைபேசிக் குறியீட்டு எண்.

ஆனால் ஒரு கிங்ஃபிஷைக் காட்டிக் கணக்கை முடிப்பது தவறு. மீதிப் பிள்ளைகளில் எத்தனை பேர் வார இறுதியில் உள்ளூர்க் கடைகளில் பேஸோ டிரம்ஸோ வாசித்து, கூலி வாங்கி வீட்டுக்குப் போகிறார்கள் என்று பாருங்கள். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. திருவிழாக்களுக்கு வருகிறவர்களில் பெரும்பங்கு வெளியூர், வெளிநாட்டுப் பயணிகள். விடுதிக்கும் உணவகத்துக்கும் பணம் வந்துவிடும், கலைஞர் கைக்கு வருவது கடைசியில்தான். ஆகவே விழாக் குழுவில் இருப்பவர்கள் மூன்றைக் கறாராகக் கேட்க வேண்டும்: குழுத் தலைவருக்கு மட்டுமா, வாசித்த ஒவ்வொருவருக்குமா சம்பளம்? மேடையை விட்டு இறங்கிய அன்றே தரப்படுகிறதா? பிள்ளைகளின் ஆசிரியருக்கு மாதச் சம்பளம் உண்டா, ‘சேவை’ என்று சொல்லி விட்டுவிடுகிறார்களா?

மூத்த கலைஞர்களில் பலருக்கு ஓய்வூதியமோ மருத்துவக் காப்பீடோ கிடையாது. ப்ளூஸ் ஃபவுண்டேஷனின் ‘ஹார்ட்’ நிதி மருத்துவச் செலவுக்கும், வட கரோலினாவில் 1994 முதல் இயங்கும் மியூசிக் மேக்கர் அறக்கட்டளை மாதாந்தர உதவிக்கும் கைகொடுக்கின்றன. சின்ன விழாக்கள் உண்டியல் வசூலில் ஒரு பங்கை இப்படி ஒதுக்கலாம். உண்டியலை வாசலில் வைக்காதீர்கள், மேடைக்கும் உணவுக் கடைக்கும் நடுவில் வையுங்கள். சாப்பிட்டுத் திரும்புகிறவர் கையில் சில்லறை இருக்கும்.